நாலாவது பாட்டுக்கு ஆறிய டீ

ஆவுடையம்மாளிடம் ஆர்மோனியம் படித்தவர்களில் கடைசிவரை பாட்டு வராதவன் மருதப்பன். அதனால்தான் பாட்டு விற்கிற கம்பெனி வைத்தான் என்று அவளே கேலி பண்ணுவாள். தலை நரைத்த பிறகும் ஏதாவது குழப்பம் என்றால் அவள் முன்னால்தான் வந்து உட்காருவான்.

அன்றைக்கும் வந்தான்.

"என்னலே, மூஞ்சி தொங்கிப் போயிருக்கு?"

"ஒரு பொம்பளைப் பிள்ளை எட்டுப் பாட்டு கொண்டாந்திருக்கும்மா. எட்டும் ஒரே ஆல்பமா வரணும், இல்லாட்டி குடுக்க மாட்டேங்கா. போன ஆல்பத்துலயே கையைச் சுட்டுக்கிட்டேன். இதுவும் தப்பினா கம்பெனிக்குப் பூட்டுதான். ஒத்தைப் பாட்டா விட்டாப் பிழைச்சுக்கிடுவேன்."

"எந்தப் பாட்டுன்னு முடிவு பண்ணிட்டியோ?"

அவன் தலையைக் குனிந்தான். "டீக்கடையில போட்டுப் பாத்தேன்."

அது அவன் வழக்கம். புதுப் பாட்டு வந்தால் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் போடச் சொல்லிவிட்டு ஓரமாக நிற்பான். எந்தப் பாட்டுக்கு ஆட்கள் டீயை ஆறவிடுகிறார்களோ அதுதான் விற்கும்.

"என் பாட்டையும் அங்கதான போட்டே?"

"ஆமாம்மா."

அவள் பாட்டும் எட்டு. மகள் வயிற்றில் இருந்தபோது கட்டியது முதல் பாட்டு. நாலாவது தாலாட்டு. ஆறாவதில் பிள்ளைக்குக் காய்ச்சல். எட்டாவது, பிள்ளையைக் குழியில் வைத்துவிட்டு வந்து பாடியது. டீக்கடையில் நாலாவதுக்குத்தான் டீ ஆறியது. மருதப்பன் அதை மட்டும் வெளியிட்டான். ஊர் ஊராக அதைப் போட்டுத்தான் பிள்ளைகளைத் தூங்க வைத்தார்கள். மற்ற ஏழும் குடோனில் கிடந்து, ஒரு மழையில் டேப்போடு போயின.

"சாவுப் பாட்டை யாரும்மா வாங்குவா? எட்டையும் சேத்துப் போட்டிருந்தா எட்டும்லா குடோன்ல கிடந்திருக்கும்? ஒண்ணாவது வெளிய வந்துச்சே."

"நீ சொல்லுததும் நெசந்தான். ஆர்மோனியப் பெட்டியை எடு. நாலாவதை வாசி."

வாசித்தான். அவள் பாடினாள். அடுத்த வீட்டில் சிணுங்கிக்கொண்டிருந்த பிள்ளை அடங்கியது.

"இப்ப எட்டாவதை வாசி."

அவன் விரல் கட்டைமேல் அப்படியே நின்றது. "ஞாபகம் இல்லம்மா. நீங்க பாடுங்க, பிடிச்சுக்கிடுதேன்."

அவள் வாயைத் திறந்தாள். நாலாவது பாட்டின் முதல் அடி வந்தது. நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி எடுத்தாள். மறுபடியும் அதுவேதான் வந்தது.

மருதப்பன் ஆர்மோனியத்தை மூடினான். "பாட்டு கொண்டாந்த பிள்ளைகிட்ட என்னம்மா சொல்ல?" என்றான்.

"மேடை மேடையா இதையேதான் கேட்டாக, இதையேதான் பாடினேன்" என்றாள் ஆவுடையம்மாள். "தாலாட்டுல கண்ணே மணியேன்னுதான் இருக்கும். என் மக பேரை எட்டாவதுலதாம்லே வச்சிருந்தேன்."