விறகறைக் குளிர்

கொடைக்கானல் மேல்மலையில் ஓர் ஆசிரமம் இருந்தது. அதன் குருவை எல்லோரும் அம்மை என்றே அழைத்தார்கள். அவரைவிடப் பத்து வயது மூத்த சீடர் தில்லைநாயகம். துறவுக்கு வருமுன் குளிர்பதனக் கிடங்குகளில் இயந்திரம் பார்த்தவர்.

அந்த மார்கழியில் வெந்நீர்த் தொட்டியைச் சூடாக்கும் மின்கம்பிச் சுருள் கருகிப்போனது. வயதானவர்கள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வெடவெடத்து நின்றதைத் தில்லைநாயகத்தால் பார்க்கச் சகிக்கவில்லை. தெரிந்தவர்களிடம் சொல்லி ஹீட் பம்ப் என்ற இயந்திரம் ஒன்றை வரவழைத்தார்.

"தொட்டியை மாத்தணுமா?" என்று அம்மை கேட்டார்.

"வேண்டாம்மா, பழசே போதும். அடித் தண்ணியை இழுத்துச் சூடாக்கி, திரும்பத் தொட்டிக்கே அனுப்பிடும்."

"எதை எரிச்சு?"

"எதையும் எரிக்காது. கரண்ட் கொஞ்சம்தான். காத்துல இருக்கிற சூட்டை உறிஞ்சித் தண்ணிக்குக் கொடுக்கும்."

"இந்தக் குளிர்லயா?"

"இதுலயும் சூடு இருக்கும்மா. எடுக்கத் தெரியணும்."

அம்மை சிரித்தார்.

தில்லைநாயகம் தொட்டியை வடித்தார். அடியில் தங்கியிருந்த சேற்றைக் கையாலேயே வழித்தெடுத்தார். குழாய்களைப் பொருத்தினார். இயந்திரம் மழையில் நனையக் கூடாதென்று, தொட்டியை ஒட்டியிருந்த விறகறைக்குள் வைத்தார். இடம் பற்றவில்லை. தரையில் கிடந்த ஒரு பாயைச் சுருட்டி விறகின்மேல் போட்டார். பொழுது சாயும்போது சுவிட்சைப் போட்டுவிட்டு, குழாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். குழாய் சுட்டது. நிம்மதியாகப் படுக்கப் போனார்.

விடிந்ததும் குளியலறை முழுக்க ஆவி. கிழவர் ஒருவர் ஈரக் கையோடு தில்லைநாயகத்தின் தலையில் கை வைத்து வாழ்த்தினார்.

"வெள்ளையம்மா எங்க? இன்னும் அடுப்பே பத்த வைக்கலையே?" என்றார் இன்னொருவர்.

வெள்ளையம்மா ஆசிரமத்துச் சமையல்காரி.

"அவ குடிசைக் கூரையைக் காத்து பிச்சுக்கிட்டுப் போச்சில்ல, இப்ப விறகறையிலதானே படுக்கிறா?" என்றார் கிழவர்.

தில்லைநாயகம் விறகறையை நோக்கி ஓடினார்.

கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்த குளிரை அவருக்குத் தெரியும். பாதி வாழ்நாள் அந்தக் குளிரில் நின்றவர். அறையின் சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு இயந்திரம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதன் எதிரில், சுருட்டிப் போட்ட அதே பாயில், வெள்ளையம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

அவரால் அசைய முடியவில்லை. பின்னாலேயே வந்த அம்மை சுவிட்சை அணைத்தார்.

"தலைப்பக்கம் பிடிங்க. தூக்குங்க."

அடுக்களைக்குக் கொண்டுபோனார்கள். அம்மை கம்பளியால் அவளைப் போர்த்தி, வெந்நீரில் துணி நனைத்து நெஞ்சில் ஒற்றி ஒற்றி எடுத்தார். வெகுநேரம் கழித்து அவள் கண் திறந்தாள்.

"நிறுத்திட்டு எழுந்து வந்திருக்கக் கூடாதா தாயி?" என்று தில்லைநாயகம் கதறினார்.

"எல்லாரும் குளிக்கணுமே சாமி" என்றாள் அவள்.

மதியம் அவள் கஞ்சி குடித்தாள். தில்லைநாயகம் இயந்திரத்தைக் கழற்றி வெளியே தாழ்வாரத்தில் பொருத்தினார். தன் அறையை வெள்ளையம்மாவுக்கு ஒழித்துக் கொடுத்தார். அம்மையின் முன் வந்து உட்கார்ந்தார்.

"நான் அவளுக்குக் கெடுதல் நினைக்கலையேம்மா!"

அம்மை அவரைப் பார்த்தார்.

"கெடுதல் நினைக்கணும்னாக்கூட, அவளை ஒரு தடவை நினைச்சிருக்கணுமே."