ஒன்பது நாள் கிடந்த விட்டம்

வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் நாகனார் சுமனையிடம் போனார்.

துறைமுகத்தை ஒட்டிய விகாரையில் நோயாளிகளுக்காக ஒரு கூடம் எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் வைப்பவர்கள் உள்ளூர்க் கொத்தர்கள். கூரை போடச் சாவகத் தீவிலிருந்து ஏழு தச்சர்கள் கப்பலில் வந்திருந்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நாகனார் மேற்பார்வை. அவருக்கு ஐம்பத்துநான்கு வயது. சுமனைக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் இரண்டு ஆண்டுகளாக அந்தப் பிக்குணிதான் அவருக்குக் குரு.

சுமனை புண்களுக்குக் கட்டும் துணிகளை அலசிக்கொண்டிருந்தார்.

“தாயே, என்னை விட்டுவிடுங்கள். வேறு யாரையாவது போடுங்கள்.”

“உட்காருங்கள்.”

“உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன்.”

“பரவாயில்லை, உட்காருங்கள்.”

உட்கார்ந்தார்.  

“தூக்கமில்லை. சோறு இறங்கவில்லை. மழைக்கு இருபது நாள்கூட இல்லை. நோயாளிகள் முப்பது பேர் ஓலைக் கொட்டகையில் கிடக்கிறார்கள். போன மழையில் நனைந்தே நாலு பேர் போனார்கள். இன்னும் ஒரு விட்டம்கூட ஏறவில்லை.”

“தச்சர்கள் என்ன சொல்கிறார்கள்?”

“சொன்னால்தானே. அவர்கள் தலைவன் ஜாலுவிடம் தினமும் காலையில் எல்லோர் முன்னாலும் கேட்பேன், விட்டங்கள் ஆகுமா என்று. நம் பேச்சு அவனுக்கு நன்றாகவே வரும். ‘ஆகும் ஐயா’ என்பான். சாயங்காலம் போய்ப் பார்த்தால் உளி தீட்டிக்கொண்டிருப்பான். மறுநாளும் ‘ஆகும் ஐயா.’ ஒன்பது நாளில் இரண்டே விட்டம்.”

“நேற்று என்ன நடந்தது?”

“அந்த இரண்டையாவது ஏற்றுங்கள் என்றேன். ஏற்றினார்கள். சுவர்மேல் உட்காரவில்லை. நீளம் போதவில்லை. ஒன்று நழுவி விழுந்தது. நம் கொத்தன் கோவன் ஒரு முழம் தள்ளி நின்றான், பிழைத்தான். நான் கத்தினேன். அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். மரம் அறுக்க வந்தாயா, என் கழுத்தை அறுக்க வந்தாயா என்று.”

“ஜாலு?”

“சிரித்தான் தாயே. தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அறைந்திருப்பேன். இன்று ஏழு பேரும் வேலைக்கு இறங்கவில்லை. பாயைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். நாலு நாளில் சாவகத்துக் கப்பல் கிளம்புகிறது.”

சுமனை ஒரு துணியைப் பிழிந்தார்.

“கொத்தர்களிடமும் கத்துவீர்களா?”

“கத்தாமல்? என் ஏச்சு கேட்டால்தான் அவர்களுக்குப் பொழுதே விடியும். திருப்பியும் கத்துவார்கள். மதியம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம்.”

“சரி. போவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். கூடத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். யாரிடமும் எதையும் கேட்காதீர்கள். யார் கேட்டாலும் பேசாதீர்கள்.”

“தினமும் பத்து முறை சுற்றுகிறேனே.”

“வாயை மூடிக்கொண்டு எத்தனை முறை?”

நாகனார் எழுந்து போனார்.

சுவர் மேலிருந்து கோவன் பார்த்தான்.

“என்ன மாமா, நேற்றுக் கத்தியதில் தொண்டை போய்விட்டதா?”

நாகனார் நடந்தார்.

“டேய், மாமா பேசவில்லைடா. யாரையோ வீட்டுக்கு அனுப்பப் போகிறார்.”

“உன்னைத்தான். நேற்று அந்த விட்டம் உன்னைத் தப்பவிட்டுவிட்டதே என்று வருத்தமாயிருக்கும்,” என்றான் இன்னொருவன்.

எல்லோரும் சிரித்தார்கள். நாகனார் திரும்பவில்லை. சிரிப்பு நின்றது. கோவன் சாரத்திலிருந்து இறங்கிப் பின்னாலேயே வந்தான்.

“மாமா, கோபமென்றால் நாலு வார்த்தை திட்டிவிடுங்கள். இப்படிப் போகாதீர்கள், பயமாயிருக்கிறது.”

தச்சுக் கொட்டகையில் ஏழு பேரும் எழுந்து நின்றார்கள். ஜாலு கை கட்டி நின்றான். அதே சிரிப்பு. நாகனாருக்கு ஏச்சு வாய்வரை வந்தது. விழுங்கினார். நின்றார். வெகுநேரம் நின்றார்.

ஜாலுவின் சிரிப்பு மெல்லக் கரைந்தது. சிரிப்பு போனதும் அந்த முகமும் பல நாள் தூங்காத முகமாக இருந்தது.

ஜாலு மெதுவாக வெளியே நடந்தான். நாகனார் பின்னால் போனார். அவருடைய குடிசைக்குப் பின்புறம், அவர் மட்டும் வந்து கால் கழுவும் இடத்தில் ஜாலு நின்றான். கீழே பார்த்தான். பிறகு திரும்பிக்கொண்டான்.

தண்ணீர்ப் பானைக்கு அருகே ஒரு விட்டம் கிடந்தது. ஒன்பது நாளாக அதன்மேல் காலை வைத்துத்தான் அவர் கழுவியிருந்தார். சேறு காய்ந்திருந்தது. இரு முனையிலும் ஒரு சாண் உள்ளே தள்ளிக் கரிக்கோடு. முழம் போட்டுப் பார்த்தார். கோட்டிலிருந்து கோடுவரை அவர் கொடுத்த அளவு. கோட்டுக்கு வெளியே இருந்தது சுவர்மேல் உட்கார வேண்டிய பங்கு.

நாகனார் குனிந்து ஒரு முனையைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. ஜாலு வந்து தோள் கொடுத்தான். மற்றவர்களும் வந்தார்கள். எட்டுப் பேராகக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். 

அவர் சுமனையிடம் திரும்பியபோது மரம் அறுக்கும் ஒலி கேட்கத் தொடங்கியிருந்தது.

“நான் சொன்னது சுவருக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடம், தாயே. சுவர்மேல் ஏறும் பங்கை நம் தச்சர்கள் கேட்காமலே சேர்த்துக்கொள்வார்கள். இவர்கள் மேலவன் சொன்ன அளவை மீற மாட்டார்கள். முதல் நாளே சரியாக ஒன்று செய்து என் காலடியில் போட்டிருக்கிறான். நான் பார்ப்பேன், அளவை மாற்றிச் சொல்வேன் என்று காத்திருக்கிறான். மரம் வீணாகக்கூடாதென்றுதான் அறுக்காமல் இழுத்திருக்கிறான்.”

“கண்டுபிடித்துவிட்டீர்கள்.”

“ஆனாலும் அவனுக்கு வாய் இல்லையா? ‘ஐயா, அளவு தப்பு.’ மூன்றே சொல். சொல்லியிருந்தால் ஒன்பது நாள் நான் இப்படிச் செத்திருக்க மாட்டேன்.”

சுமனை அடுத்த துணியை எடுத்தார்.

“முந்தாநாள் சபையில் விகாரைத் தலைவர் உங்களை ஏதோ கேட்டாரே.”

“மழைக்கு முன்னால் கூரை ஏறிவிடுமா என்று கேட்டார்.”

“என்ன சொன்னீர்கள்?”

“ஏறிவிடும் என்றேன்.”

“ஏறாது என்று அப்போது தெரியுமா?”

“தெரியும்.” அவர் தரையைப் பார்த்தார். “அத்தனை பேர் நடுவில் எப்படித் தாயே சொல்வது? அவருக்கும் சங்கடம். தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.”

“சொன்னீர்களா?”

“இல்லை.”

சுமனை கடைசித் துணியை உதறிக் கொடியில் போட்டார்.

“ஜாலு முதல் நாளே உங்களிடம் சொல்லிவிட்டார்,” என்றார்.