டிக்கியில் மூணு சென்ட் நிலம்

என் மெக்கானிக் ஷெட்டுல தங்கபுஷ்பம் டீச்சரோட ஸ்கூட்டருக்கு பிரேக் கேபிள் மாத்திக்கிட்டிருந்தேன். டீச்சர் ஸ்டூல்ல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தாங்க. "ஏன் சையது, நம்ம இடத்துல அடுத்தவன் வண்டியை நிறுத்தியிருக்கான். வண்டிக்குள்ள துப்பாக்கி இருக்கு. இடத்துக்காரன் அதைக் கூடாதுன்னு சொல்லலாமா? ஏதோ வெளிநாட்டுல கேஸ் நடக்குதாம்"னு அவங்க கேட்டதுதான் தாமதம், எதிர் பெஞ்சில இருந்த ஒச்சப்பண்ணன் எந்திரிச்சு வேட்டியை மடிச்சுக் கட்டிட்டாரு.

"வெளிநாடு எதுக்கு டீச்சர்? அந்தக் கேஸை நான் இதே உத்தமபாளையத்துல முடிச்சு முப்பது வருஷமாச்சு."

டீச்சர் என்னைப் பாத்தாங்க. நான் கேபிளைப் பாத்தேன். ஒச்சப்பண்ணன் ஆரம்பிச்சுட்டாரு.

"அப்ப நான் பஞ்சு மில்லுல சூப்பர்வைசர். மலையடிவாரத்துல ரெண்டு ஏக்கர்ல கடலை. காட்டுப்பன்னிக்குப் பயந்து லைசென்ஸ் எடுத்த துப்பாக்கி ஒண்ணு. விடியக்காலம் வானத்தைப் பாத்து ஒரு வெடி போட்டுட்டு, அப்படியே அம்பாசடர்ல வேலைக்கு வந்துருவேன். துப்பாக்கி டிக்கியில பூட்டிக் கிடக்கும். இது மேனேஜர் வைத்தியலிங்கத்துக்குத் தெரிஞ்சுபோச்சு. 'இது மில்லு இடம்யா. துப்பாக்கி இருக்கிற வண்டி இங்க நிக்கப்படாது. துப்பாக்கியா வேலையான்னு நீயே முடிவு பண்ணிக்க'ன்னுட்டாரு. வேலை போனா ரெண்டு பொம்பளப் பிள்ளைக படிப்பு போச்சு. துப்பாக்கி போனா கடலை போச்சு. நான் என்ன செய்ய?

'இடம் உங்களுது, கார் என்னுது. டிக்கிக்குள்ள எது கிடந்தா உங்களுக்கென்ன சார்?'ன்னு கேட்டேன். 'கார் எது மேல நிக்குது?'ன்னாரு. உடனே குனிஞ்சு டயர் தரையில படுற இடத்தை அளந்தேன். நாலு டயருக்கும் சேத்து ஒரு சாப்பாட்டு இலை அகலம்! இதுக்கா இம்புட்டுப் பேச்சுன்னு காரைத் தூக்கி, காம்பவுண்டுக்கு வெளிய நின்ன புளியமரத்துல, உள்ள நீண்டிருந்த கிளையில தேர்வடம் போட்டுத் தொங்கவிட்டேன். மரம் பஞ்சாயத்து மரம். ஒரு டயர்கூட தரையில படலை."

"காரைத் தனியாவா தூக்குனீங்க?"ன்னாங்க டீச்சர்.

"நீங்க வேற. ஒருத்தனால முடியுமா? ஒரு பக்கம் எம்பொண்டாட்டி பிடிச்சா."

மூச்சுக்கூட வாங்காம மேல சொல்லிக்கிட்டே போனாரு. "மேனேஜர் அசரலையே! 'தரைக்கு மேல இருக்கிற காத்தும் எங்களுதுதான்'னு சர்வேயரைக் கூட்டியாந்துட்டாரு. சர்வேயர் ஏணி போட்டு ஏறி, சங்கிலியை இழுத்து டிக்கியை அளந்தாரு பாருங்க, சுளையா மூணு சென்ட்!"

நான் ஸ்பானரைக் கீழ வச்சேன். "டிக்கி மூணு சென்ட்டாண்ணே?"

"பழைய மாடல்டா. இப்ப வர்ற வண்டி மாதிரியா? அந்த மூணு சென்ட்டுக்கும் என் பேர்ல பட்டா எழுதிக் கையில கொடுத்துட்டாரு. பட்டா நிலத்தைத் தரிசாப் போட முடியுமா? வண்டல் அடிச்சுக் கடலை விதைச்சேன். நாப்பதே நாள்ல செடி பின்கண்ணாடி வழியா எட்டிப் பாக்குது. வாசனை பிடிச்சு மலையில இருந்த பன்னி அம்புட்டும் மில்லு கேட்டுல வந்து வரிசையில நின்னுருச்சு. வாட்ச்மேன் ரொம்பக் கறாரு. கையெழுத்து வாங்கிக்கிட்டுத்தான் உள்ள விட்டாரு."

"பன்னி கையெழுத்து போட்டுச்சாக்கும்?"

"குட்டிக போட்டுச்சு டீச்சர். பெருசுக கைநாட்டு.

டிக்கிக்குள்ள நின்னபடி வானத்தைப் பாத்து வச்சேன் ஒரு வெடி. பன்னிக கம்பம் ஊரையே தாண்டி ஓடிப்போச்சு. ஆனா மேல போன மேகத்துல ஓட்டை விழுந்து, மில்லு காம்பவுண்டுக்குள்ள மட்டும் ஒம்பது நாள் மழை. மேனேஜர் குடை பிடிச்சுக்கிட்டு வந்தாரு. 'மழை எங்க இடத்துல பெஞ்சுது, அதனால அது எங்களுது. உன் பட்டாவையும் ஒத்துக்கிறேன். ஆனா ரூல் ரூல்தான். காருக்குள்ள துப்பாக்கி இருக்கக் கூடாது'ன்னாரு. அம்புட்டுத்தானேன்னு துப்பாக்கிக்குள்ள காரை வச்சுட்டேன்."

நான் கம்ப்ரசரை நிறுத்திட்டு நிமிர்ந்தேன்.

"குழலுக்குள்ளயா?"ன்னேன்.

"சைடு கண்ணாடியை மடக்கிட்டா தாராளமாப் போகும்."

"அப்புறம் எப்படி வெளிய எடுத்தீங்க?" இது டீச்சர்.

"சுட்டா வந்துட்டுப் போகுது! ஒரே வெடி. கார் மில்லு சுவரைத் தாண்டி, நேரா எங்க வீட்டு வாசல்ல போய் நின்னுச்சு. நடுவுல கியர்கூட மாத்தலை. அன்னைக்கிலிருந்து தினமும் சாயங்காலம் அப்படித்தான் வீட்டுக்குப் போறது. வேலையும் போகலை, கடலையும் போகலை."

"நல்லவேளை, காருக்குள்ள ஆள் இல்ல"ன்னேன் நான்.

"ஆள் இல்லேன்னு யாரு சொன்னா? ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு நான்ல உள்ள உக்காந்திருந்தேன்!"

டீச்சர் பேப்பரை மடிச்சு மடியில வச்சாங்க. "நீங்க உள்ள இருந்தீங்க. சரி. அப்ப வெளிய நின்னு சுட்டது யாரு?"

ஒச்சப்பண்ணன் என்னைப் பாத்தாரு, ஸ்கூட்டரைப் பாத்தாரு, கூரையைப் பாத்தாரு. சிக்கிட்டாருடான்னு நெனச்சேன்.

"வேற யாரு? மேனேஜர்தான்! என் வண்டி அவர் இடத்தை விட்டுப் போகணும்னு அவருக்குத்தானே டீச்சர் அவசரம்!"