சின்னக் கண்ணாடி பிடித்த பிடி

செண்பகத்தை உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஒரு சின்னக் கண்ணாடி. அவள் புருஷன் வேலாயுதத்தின் வாடகைக் காரில், பின்னால் வருவதைக் காட்டுவதற்காகத் தொங்கிய கண்ணாடி அது. அன்று அவள் பின்னிருக்கையில் சாய்ந்திருந்தாள். "ரோட்டைப் பாருங்க, என்னையே பார்க்காதீங்க" என்று அவரை அதட்டினாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியவள் திரும்ப ஏறவில்லை.

அடுத்த கோடையில் பசை விட்டு, சின்னக் கண்ணாடி பொத்தென்று விழுந்தது. வேலாயுதம் ஒட்டினார், விழுந்தது. மறுபடி ஒட்டினார், வேகத்தடையில் விழுந்தது. டாஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டார்.

இப்போது வண்டிக்கு எஃப்.சி. என்ற தகுதிச் சான்று வாங்க வேண்டும். மறுநாள் காலை ஆய்வாளர் பார்ப்பார். தேறாவிட்டால் இனி அலையத் தெம்பில்லை, காயலான் கடைதான் என்று வேலாயுதம் சொல்லிவிட்டார்.

முற்பகலில் பெட்டியைத் திறந்தார். வெளியே வந்ததும் சின்னக் கண்ணாடி பசைக் குழாயின் மேல் பாய்ந்தது.

"உன்னை நம்பித்தானேடா தொங்கினேன், துரோகி!"

"என்னை ஏன் திட்டுறே? நான் கண்ணாடியைப் பிடிக்கிறவன். எனக்குப் பிடிக்கக் கிடைச்சது காஞ்ச சந்தனமும் குங்குமமும்தான். அது உதிர்ந்தா நானும் உதிர்வேன்."

முன்கண்ணாடி மெல்லச் சொன்னது: "நிஜம்தான். வருஷாவருஷம் ஆயுத பூஜைக்கு அந்தம்மா என் மேல, நீ ஒட்டியிருந்த இடத்தைச் சுத்தி வெச்சது. பழைய பசையோட காஞ்சு கிடக்கு. அது மேலேயே ஒட்டுறார்."

"நான் சும்மாதானே இருக்கேன்? சுரண்டிடுறேன்" என்றது பெட்டிக்குள் கிடந்த பிளேடு.

வேலாயுதம் அதைத் தள்ளி வைத்தார். "அவ கை பட்ட இடம். தொடாதே."

சின்னக் கண்ணாடிக்கும் இத்தனை நாளாக அதே எண்ணம்தான். அந்தக் குங்குமத்தை நினைத்துக்கொண்டேதான் அது இருட்டில் கிடந்தது. ஆனாலும் இப்போது வாய் திறந்தது.

"அண்ணே, அவங்களைக் கடைசியாப் பார்த்தவன் சொல்றேன். பெட்டிக்குள்ள அவங்க இல்லண்ணே. ரோடும் இல்ல. சுரண்டுங்க."

வேலாயுதம் காய்ந்த குங்குமத்தை ஒருமுறை விரலால் தொட்டார். பிறகு பிளேடை எடுத்து, "மெதுவாப் போ" என்றார். தூள் அவர் முழங்கையில் படிந்தது. துடைக்கவில்லை.

கண்ணாடியைத் தாங்கும் இரும்பு வில்லை குரல் கொடுத்தது: "முதல்ல என்னை மட்டும் ஒட்டுங்க. இவனை உடனே என் தலையில ஏத்தாதீங்க. அந்த அவசரத்துலதான் போன தடவை மானம் போச்சு!"

அப்படியே ஆகட்டும் என்று அதை மட்டும் ஒட்டிக் காயவிட்டார். விடிந்ததும் சின்னக் கண்ணாடியை வில்லையில் செருகினார். டக்கென்று உட்கார்ந்தது.

ஆய்வாளர் சந்தேகப் பேர்வழி. "நேத்து ஒட்டினதா, பெரியவரே? கையோட வந்துடும் பாருங்க" என்று பிடித்து இழுத்தார்.

"விடாதே!" என்று கத்தியது ஹாரன். "விடுவேனா!" என்று பல்லைக் கடித்தது பசை. சின்னக் கண்ணாடி மூச்சைப் பிடித்துக்கொண்டது. கார் குலுங்கியது. ஆய்வாளருக்கு வியர்த்தது.

"என்னய்யா இது! வண்டியே ஆடுது, இது அசைய மாட்டேங்குதே!" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வேலாயுதம் பைபாஸில் ஏறி மிதித்தார்.

"அண்ணே, பின்னாடி லாரி!" என்று கூவியது சின்னக் கண்ணாடி.

"வரட்டும்டா! முடிஞ்சா முந்தட்டும்!"

முன்கண்ணாடியில், குங்குமம் இருந்த இடத்தில், பிளேடு கிழித்த கீறல் ஒன்று இருக்கிறது.