திருச்சியில் நான்காவது தோல்வி

முதல் தப்பு கோவில்பட்டியில் நடந்தது. புன்னைத்துறை கால்பந்து அணி இரண்டு கோல் வாங்கித் தோற்றது. ஊரிலிருந்து மீன் லாரியில் வந்த முப்பது பேர் வேலியோரம் காத்து நின்றார்கள். பயிற்சியாளர் எஸ்தாக்கி நடுவருக்குக் கைகொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

இரண்டாவது திண்டுக்கல்லில். அவர்கள் வருவதைப் பார்த்ததும் வேனுக்குள் ஏறி ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மூன்றாவது சேலத்தில். போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டே அவர்களைக் கடந்தார். அந்தப் போன் மத்தியானமே சார்ஜ் இல்லாமல் செத்துப்போயிருந்தது.

நான்காவதைச் செய்வதற்காகத் திருச்சி மைதானத்தின் பின்கதவுத் தாழ்ப்பாளில் அவர் கை வைத்திருந்தபோது பிரிஸ்கா டீச்சர் வந்தார்.

டீச்சருக்கு எஸ்தாக்கியைவிடப் பதினோரு வயது குறைவு. ஊர்ப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. பயிற்சியாளர் பரீட்சைக்கு எஸ்தாக்கியை உட்கார்த்திப் படிக்க வைத்து, மூன்றாம் முறையில் தேற வைத்தவர் அவர்தான். அணியின் வேனில் இடம் கொடுத்தாலும் ஏறமாட்டார். லாரியில்தான் வருவார்.

"எங்க அண்ணே, அந்த வழியா?"

"காத்து வாங்க."

"நாலு கோல் வாங்கினது பத்தாதா?"

எஸ்தாக்கி தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தொம்மை சொல்லி அனுப்பியிருக்காரு," என்றார் டீச்சர். தொம்மை வலை பின்னுகிறவர். லாரியை ஏற்பாடு செய்பவரும் அவரே. "இன்னைக்கும் நீங்க மூஞ்சி காட்டலைன்னா இனிமே லாரி வராதாம்."

ஓர் ஆட்டம் பார்க்க அவர்கள் இரண்டு நாள் கடலுக்குப் போவதில்லை. அந்த லாரி வராவிட்டால் வெளியூரில் அவருடைய ஆட்டக்காரர்களுக்குக் கைதட்ட ஒரு நாதி இருக்காது.

"ஜெயிச்சா போய்க் கையாட்டலாம். தோத்துட்டுக் கையாட்டினா வெக்கங்கெட்டவன்னு சொல்லுவாங்க. கும்பிட்டா நடிக்கிறான்னு சொல்லுவாங்க. தோத்தவன் அவங்க முன்னால போய் நின்னு என்னதான் சொல்லணும், டீச்சர்? அதை மட்டும் சொல்லுங்க. போறேன்."

டீச்சர் முன்வாசலைப் பார்த்து நடந்தார்.

தோற்ற நாளில் பின்கதவைத் தேடுவது எஸ்தாக்கி கண்டுபிடித்த வழியல்ல. மேடையில் தொண்டை கிழிய முழங்கிய தலைவர்கள் எத்தனையோ பேர், வேலைநிறுத்தம் முறிந்த அன்று அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போனார்கள். முன்வாசலில் நின்ற தொழிலாளிதான் தடியடி வாங்கினான். இதெல்லாம் எஸ்தாக்கிக்கும் தெரியும். தாழ்ப்பாளை விட்டுவிட்டு டீச்சர் பின்னால் போனார்.

மைதானத்துக்கு வெளியே, சாய்ந்த வெயிலில் லாரி நின்றது. இன்னும் யாரும் ஏறவில்லை.

"வாரும் ஓய்," என்றார் தொம்மை. "வழி தப்பிட்டீரோ?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நல்ல சிரிப்பல்ல.

தொம்மையின் கையில் ஒரு நோட்டு இருந்தது. முன்பொரு தடவை ஓர் ஆளை மதுரையில் மறந்துவிட்டு ஊர்வரை போய்விட்டார்கள். அன்றிலிருந்து, பெயர் வாசித்து முடிக்காமல் லாரி கிளம்பாது. ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பதால் அப்பன் பெயரையும் சேர்த்துத்தான் வாசிப்பார்கள்.

டீச்சர் அந்த நோட்டை வாங்கி எஸ்தாக்கியிடம் நீட்டினார்.

"வாசிங்க அண்ணே."

எஸ்தாக்கி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அருளப்பன் மகன் வியாகுலம்."

"உண்டு."

"சவேரி மகன் லாசர்."

"உண்டு. கோவில்பட்டியிலயும் உண்டு. சேலத்துலயும் உண்டு."

எஸ்தாக்கி அதை வாங்கிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார்.

"பனிமயம் மகன் செபமாலை."

"உண்டு," என்று கரகரத்தது ஒரு குரல். "தொண்டைதான் இல்ல. முதல் பாதியிலயே போயிட்டு."

"மிக்கேல் மகள் சலேத்தம்மா."

"உண்டு. நல்லா ஆடிட்டிருந்த ஏழாம் நம்பரை எதுக்கு ஓய் வெளிய எடுத்தீரு?"

எஸ்தாக்கி நோட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"தப்புதான். என் தப்பு."

"அது எங்களுக்கு அப்பவே தெரியும்," என்றார் சலேத்தம்மா. "உமக்குத் தெரியுமான்னுதான் கேட்டேன்."

குபீரென்று எல்லோரும் சிரித்தார்கள். எஸ்தாக்கியும் சிரித்துவிட்டார். கோவில்பட்டிக்குப் பிறகு இன்றுதான் அவருக்கு மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது.

மிச்சப் பெயர்களையும் வாசித்தார். டீச்சரின் பெயர் வந்தபோது அவரும் மற்றவர்களைப்போல "உண்டு" என்றார். முப்பது பேரும் இருந்தார்கள்.

தொம்மை டிரைவரிடம் திரும்பினார். "அடுத்த ஆட்டம் கரூர்லயாம். முந்தின நாளே ஐஸ் பெட்டியை இறக்கி வச்சிரும். இன்னைக்கு மாதிரி அதுமேல உக்காந்து வர முடியாது."

எஸ்தாக்கி நோட்டை மூடாமல் டீச்சர் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே. கரூர்லயும் தோத்தா, வந்து நின்னு என்ன சொல்லணும்?"

டீச்சர் தொம்மையிடம் பேனா கேட்டார். முப்பதாவது பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதினார். ஏறப்போனவர்கள் ஏறாமல் திரும்பிப் பார்த்தார்கள். நோட்டை உயர்த்திப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி அவர் வாசித்தார்:

"சூசை மகன் எஸ்தாக்கி."