சூடானால் கிளம்பாத கார்

“வண்டி சூடானா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது” என்றார் நாச்சிமுத்து.

“ஆறினா?”

“ஒரே திருகுல ஆயிடுது.”

ஜெசிந்தா தலையசைத்தார்.

நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்து நான்கு வயது. பாலிடெக்னிக்கில் இருபத்தாறு வருடங்களாக மின்சாரப் பாடம் எடுப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கார்ப் பந்தயம் ஓட்டுபவர்.

ஜெசிந்தாவுக்கு முப்பத்து மூன்று. எட்டாம் வகுப்போடு நின்றவர். சிங்காநல்லூரில், ஒரு லேத் பட்டறையின் பின்பக்கம், வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்கிறார். மற்ற இடமெல்லாம் போய்ப் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் அங்கே வருவார்கள்.

நாச்சிமுத்துவும் அப்படித்தான் வந்திருந்தார்.

பந்தயத்தின் நடுவே ஒவ்வொரு காரும் ஒருமுறை ஓடுபாதையிலிருந்து விலகி உள்ளே வந்து, எஞ்சினை அணைத்து, ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்பது விதி. இந்த வருடம் நடந்த இரண்டு பந்தயங்களிலும் அவர்தான் முதலாவதாக உள்ளே வந்தார். இரண்டு முறையும் சாவியைத் திருப்பினார். எஞ்சின் முனகிவிட்டு அடங்கியது. மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

இன்னும் ஒரு பந்தயம்தான் பாக்கி. அதற்கு எட்டு நாள் இருந்தது.

“பேட்டரி ரெண்டு தடவை மாத்தியாச்சும்மா. ஸ்டார்ட்டர் மோட்டாரும் புதுசு. மீட்டர் வெச்சுப் பார்த்தேன். பன்னெண்டரை வோல்ட் காட்டுது.”

“எப்பப் பார்த்தீங்க?”

“வண்டி சும்மா நிக்கறப்ப.”

“தூங்கறப்ப எல்லாருமே நல்லவங்கதானுங்க சார்.”

காரின் மேல் கை வைக்கப் போனார் ஜெசிந்தா. நாச்சிமுத்து அவசரமாக ஒரு துணியை எடுத்து அந்த இடத்தில் விரித்தார். கருநீல வண்ணம். மூன்று பூச்சு. இரண்டு மாதம் அவரே நின்று அடித்தது.

ஜெசிந்தா டிக்கியைத் திறந்தார். பேட்டரி அங்கே இருந்தது.

“எடை பின்னால போகட்டும்னு நான்தான் மாத்தினேன். வளைவுல இப்ப நல்லா நிக்குது” என்றார் நாச்சிமுத்து.

“ஒரு சுத்து ஓட்டிச் சூடாக்கிட்டு வாங்க.”

அவினாசி சாலை வரை போய்த் திரும்பி வந்தார்.

“இறங்கி, பேட்டரியிலிருந்து முன்னாடி போற கேபிளைக் கையில பிடிச்சுக்குங்க.”

பிடித்துக்கொண்டார். ஜெசிந்தா சாவியைத் திருப்பினார். எஞ்சின் முனகியது. நாச்சிமுத்து கையை உதறினார்.

“சுடுது.”

“ஏனுங்க சுடுது?”

அவருக்குத் தெரியாத பாடமா? கம்பி நீண்டால் தடை கூடும், மெலிந்தால் தடை கூடும், தடை இருக்கும் இடத்தில் வெப்பம் பிறக்கும், சூடேறினால் தடை இன்னும் கூடும் என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார்.

பேட்டரி முன்னால் இருந்தபோது அந்தக் கேபிள் அரை மீட்டர். இப்போது நாலரை மீட்டர். தடிமனை அவர் மாற்றவே இல்லை.

மறுநாள் புதுக் கேபிளோடு வந்தார். கட்டைவிரல் பருமன், பளபளவென்று சிவப்பு. கடையில் இருந்ததிலேயே பெரியது.

ஜெசிந்தா அதன் நுனியைக் குறுக்கே வெட்டினார். அலமாரியிலிருந்து ஒரு கறுப்புக் கேபிளை எடுத்து அதையும் வெட்டினார். பார்வைக்கு மெலிந்தது. எழுத்தெல்லாம் அழிந்து கிடந்தது. இரண்டையும் மேசையில் வைத்து, வெட்டுமுகம் மட்டும் தெரியும்படி மேலே துணி போட்டார்.

“இப்ப வாங்குங்க சார்.”

நாச்சிமுத்து குனிந்து பார்த்தார். ஒன்றில் பாதிக்குமேல் ரப்பர். நடுவே இருந்த கம்பிகள் செம்பு நிறத் தோலும் வெள்ளை உடம்புமாக இருந்தன. அலுமினியம். இன்னொன்றில் தலைமுடி போன்ற செம்பு இழைகள், திணித்து வைத்ததுபோல்.

கறுப்பைத் தொட்டார்.

அன்று மாலையே அதைப் பொருத்தினார்கள். மறுபடி ஓட்டிச் சூடாக்கினார்கள். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் முன்னைவிட வேகமாகச் சுற்றியது. ஆனால் பற்றவில்லை.

நாச்சிமுத்து அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இதுவும் இல்லைன்னா வேற என்னதாம்மா?”

“போனது திரும்பி வரணுமில்லைங்களா?” என்று கேட்டு, மீட்டரை அவர் கையில் கொடுத்தார் ஜெசிந்தா.

நாச்சிமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். ஒரு முனையை எஞ்சினில் வைத்தார். இன்னொரு முனையை, நீண்ட வயர் கட்டி, பேட்டரியின் மைனஸில் வைத்தார்.

“திருப்புங்க.”

ஜெசிந்தா சாவியைத் திருப்பினார். முள் இரண்டு வோல்ட்டை நெருங்கியது. அது நகரவே கூடாத இடம்.

எஞ்சினிலிருந்து காரின் உடம்புக்கு ஒரு மெல்லிய பட்டை. உடம்பிலிருந்து பேட்டரிக்கு டிக்கியில் ஒரு போல்ட். மின்சாரம் திரும்பி வர அவ்வளவுதான் வழி. நாச்சிமுத்து அந்த போல்ட்டைக் கழற்றினார்.

அடியில் நீலம். ஒரு கீறல்கூட விழாமல், கண்ணாடி மாதிரி. பெயிண்டு வழியாக மின்சாரம் போகாது; போல்ட்டின் மரை வழியாக மட்டும்தான் கொஞ்சம் கசிந்திருக்கும்.

ஜெசிந்தா உப்புத்தாளை நீட்டினார்.

நாச்சிமுத்து வாங்கவில்லை. “வேற இடத்துல போல்ட் போட முடியாதா?”

“எல்லா இடமும் நீலம்தானுங்களே.”

நாச்சிமுத்து காரை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார்.

நாச்சிமுத்து உப்புத்தாளை வாங்கினார். இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டினார். பிறகு, யாரும் சொல்லாமலே, முன்பக்கம் போய் அங்கேயும் சுரண்டி, எஞ்சினுக்கும் உடம்புக்கும் நடுவே கறுப்புக் கேபிளில் மீதியிருந்த துண்டைப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. உச்சி வெயில். பதினோரு கார்கள்.

பாதிப் பந்தயத்தில் நாச்சிமுத்துதான் முதலில் உள்ளே வந்தார். எஞ்சினை அணைத்தார். எஞ்சின் சூடு முகத்தில் அடித்தது. பக்கத்தில் வந்து நின்ற காரின் ஓட்டுநர் அவரைப் பார்த்துச் சிரித்தார். போன இரண்டு முறையும் இவர் கிளம்ப முடியாமல் நின்றதைப் பார்த்தவர்.

ஒரு நிமிடம் ஆனது. கொடி இறங்கியது.

சாவியைத் திருப்பினார்.

விரலை எடுப்பதற்குள் எஞ்சின் உறுமியது.

பக்கத்துக் காரின் ஓட்டுநர் சிரிப்பை முடிப்பதற்குள் நாச்சிமுத்து முதல் வளைவில் இருந்தார். தலைக்கவசத்துக்குள் அவர் கத்தியது அவருக்கே கேட்கவில்லை. கடைசிச் சுற்றில் அவருக்குப் பின்னால் பதினான்கு விநாடி தூரத்துக்கு யாருமே இல்லை.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார் ஜெசிந்தா. நாச்சிமுத்து வியர்வை சொட்டச் சொட்ட நேராக அங்கே வந்தார். வாங்கிய வெற்றிக் கோப்பையை வேலிக்கு மேலாக அவர் கையில் கொடுத்தார்.

“ஒண்ணு கேக்கணும். பெயிண்டுதான் காரணம்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“துணியை விரிச்சீங்களே, அப்பவே.”

“அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொல்லியிருந்தா சுரண்டியிருப்பீங்களா?” என்றார் ஜெசிந்தா.