பேர் சொல்லி நடக்கிற காடு

கரடிக்குக் கண் நன்றாகத் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. அப்போது அது பேசவும் பேசும். இன்றைக்கு மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்துக்கொண்டு, கிட்டே வந்தபிறகு திடுக்கிட்டு நிற்கிறதே, அந்தக் கரடி இல்லை அது. இந்த மலையில் நின்றுகொண்டு எதிர்மலையில் தேனீ பறப்பதைச் சொல்லும்.

காட்டுக்குள் போக ஒற்றையடிப் பாதை ஒன்றுதான். மனுஷரும் அதில்தான் நடக்க வேண்டும், கரடியும் அதில்தான் நடக்க வேண்டும். அதனால் இரண்டு பேரும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்கள். வளைவு வருமுன் பேரைச் சொல்லிக் குரல் கொடுக்க வேண்டும். எதிரே ஆள் இருந்தால், முகத்தைப் பார்த்தபடியே மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்து வழிவிட வேண்டும். முதுகைக் காட்டக் கூடாது, ஓடவே கூடாது. பேர் காதில் விழுந்துவிட்டால் அந்த ஆள்மேல் கரடியின் நகம் படாது. கரடி குரல் கொடுத்தால் அதன்மேல் மனுஷர் கத்தி படாது. அவ்வளவுதான் ஏற்பாடு. வாயைத் திறந்து ஒரு பேர் சொல்வதில் என்ன கஷ்டம், சொல்லுங்கள்!

மசணனுக்கு அது கஷ்டமாக இருந்தது. தேன் எடுப்பதில் அவன் கெட்டிக்காரன், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் திமிர் பிடித்தவன். "என் காட்டுல நான் நடக்கக் கரடிகிட்ட உத்தரவு வாங்கணுமா?" என்பான்.

அவன் பெண்டாட்டி நஞ்சி. புருஷன் பேரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அந்த ஊர்ப் பெண்கள் நம்பினார்கள். நஞ்சியும் கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒரு தடவைகூட அந்தப் பேரைச் சொன்னதில்லை. வளைவு வந்தால் தன் பேரை மட்டும் சொல்வாள். கூட வருகிற அவன் பேரை அவனேதான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

நஞ்சி அப்போது மாசமாக இருந்தாள். வாயில் எது வைத்தாலும் குமட்டியது. "கொஞ்சம் தேன் இருந்தா நாக்குல தடவிக்கலாம் மாமா," என்று சொல்லிவிட்டாள். மசணனுக்கு அவள்மேல் உயிர். திமிர் பிடித்தவனுக்கும் ஆசை இருக்காதா என்ன? ஆனால் அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. தேன் இருந்தது ஒரே மரத்தில்தான். பாதை ஓரத்தில் நின்ற ஒரு பொந்து மருதமரம். அதன் பட்டையில் கரியாத்தா என்கிற தாய்க்கரடி நகத்தால் கீறி வைத்திருந்தாள். கீறல் இருந்தால் அது கரடியின் மரம்.

இலுப்பை பூக்கிற மாசம். விடிந்ததும் இரண்டு பேரும் காட்டுக்குப் போனார்கள். வளைவுக்கு இந்தப் பக்கம் நஞ்சி இலுப்பைப் பூ பொறுக்க உட்கார்ந்தாள்.

"ஏ புள்ள, நீ இங்கனயே இரு. இந்தா வந்துடுறேன்."

"பேரைச் சொல்லிட்டுப் போ மாமா."

"சொன்னா? வாப்பான்னு கூப்பிட்டுத் தேன் குடுக்குமா?"

கால்விரலை ஊன்றிச் சத்தமில்லாமல் போனான். அவன் மட்டும் குரல் கொடுத்திருந்தால், கொஞ்சம் தள்ளிப் புற்றைத் தோண்டிக்கொண்டிருந்த கரியாத்தா, "நில்லுப்பா, பொந்துல குட்டிங்க தூங்குது," என்று சொல்லியிருப்பாள். அவன் கொடுக்கவில்லை. பச்சை இலையும் சருகும் சேர்த்துப் பந்தம் கட்டிக் கொளுத்தினான். புகை மேலே ஏறித் தேனீயை விரட்டட்டும் என்று மரத்தின் அடிப் பொந்துக்குள் அதைத் திணித்தான்.

உள்ளே குழந்தை அழுவது போல ஒரு சத்தம் கேட்டது.

அது கரடிக்குட்டி என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. பந்தத்தை வெளியே இழுத்திருக்கலாம். பாவி, இழுக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டு ஓடினான்.

கரியாத்தா பாய்ந்து வந்தாள். தலையை நெருப்புக்குள் விட்டாள். ஒரு குட்டியை உயிரோடு இழுத்துப் போட்டாள். இன்னொன்று கரிக்கட்டையாக வந்தது. அவள் கண்ணும் அங்கேயே வெந்துபோனது. உயிரோடிருந்த குட்டி ஏறி அவள் முதுகு மயிரைப் பிடித்துக்கொண்டது. ஓடுகிற கால் சத்தத்தைக் கேட்டு அவளும் ஓடினாள்.

மசணன் வந்து நஞ்சியின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டான். அடுத்த நொடி கரடி வந்துவிட்டது. நஞ்சி ஓடவில்லை. கரடியின் முகத்தைப் பார்த்தபடியே நின்றாள்.

"நஞ்சி நிக்கிறேன் அக்கா. நான் நஞ்சி."

கரியாத்தா நின்றாள். கண் இருந்த இடத்திலிருந்து நீர் வடிந்தது.

"மூச்சு ரெண்டு கேக்குது நஞ்சி. உன் பின்னால யாரு?"

நஞ்சி புருஷன் பக்கம் லேசாகத் தலையைச் சாய்த்தாள். "சொல்லு மாமா. உன் பேரைச் சொல்லிடு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவன் வாயைத் திறக்கவில்லை. பேரைச் சொன்னால், குட்டியைக் கொன்றவன் தான்தான் என்று தெரிந்துவிடுமே என்று பயந்தான்.

"அவன் சொல்லாட்டி நீ சொல்லு," என்றாள் கரியாத்தா. "என் புள்ள போச்சு. குடுத்த வாக்கு போகலை. பேர் காதுல விழுந்தா, வெந்த வயித்தோட திரும்பிப் போயிடுறேன்."

பேர் நஞ்சியின் உதடுவரைக்கும் வந்தது. சொன்னால் ஆயுசு குறையுமே! வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வாள்?

"எங்க... எங்க வீட்டுக்காரரு அக்கா."

"பேரு."

அதற்குள் மசணன் அவள் தோளை விட்டுவிட்டு, திரும்பி ஓடினான்.

கரடி நஞ்சியைத் தாண்டிப் போனது. அதன் மயிர் அவள் வயிற்றில் உரசியது, நகம் படவில்லை. பின்னால் வருகிறதா என்று மசணன் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தில்தான் அடி விழுந்தது.

"பேர் சொல்லாத வாய்க்கு மூஞ்சி எதுக்குடா?"

"மசணன்!" என்று அலறினாள் நஞ்சி. "அக்கா, மசணன்! அவரு பேரு மசணன்!"

மறுபடி ஓங்கிய கை அப்படியே நின்றது. வாக்கு வாக்குதான். ஆனால் கீழே கிடந்தவனுக்கு முகம் இல்லை, மூச்சும் இல்லை.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா நஞ்சி?" என்றாள் கரியாத்தா.

கரடி மனுஷரோடு பேசிய கடைசிப் பேச்சு அது.

நஞ்சி அழுதுகொண்டே, கரடியின் பக்கம் முகத்தை வைத்தபடி, ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தாள். தன் பேரையும் அவன் பேரையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே வளைவு தாண்டினாள். கரடி அவளைத் தொடரவில்லை.

அந்தக் காலையிலிருந்துதான் கரடிக்குக் கண் மங்கல். குட்டியை எங்கும் விட்டுவைக்காமல் முதுகில் ஏற்றிக்கொண்டு திரிகிறது. சத்தமில்லாமல் கிட்டே வந்தவனை முகத்தில் அடிக்கிறது. அந்த மலைக்காரர்களும் வளைவு வருமுன் குரல் கொடுக்கிறார்கள். கரடி எதிரே நின்றால் ஓடாமல், மெல்லப் பேசிக்கொண்டே பின்வாங்குகிறார்கள். ஊருக்குள் புருஷன் பேரை வாயில் எடுக்காத பெண்கள்கூட, காட்டுக்குள் காலை வைத்ததும் முதலில் அந்தப் பேரைத்தான் கூவுகிறார்கள்.